ஏரியலின் மறுபாதி

காவலர் கையிலுள்ள வாக்கி டாக்கியைக் கண்டு பழகிய கண்ணுக்கு ஏரியல் என்பது ஒரு சாண் நீளமுள்ள கறுப்புக் குச்சி. வானொலிப் பெட்டியின் முதுகிலிருந்து இழுத்து நீட்டும் வெள்ளிநிறக் கம்பியும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே. பேசும் கருவியைக் கையில் தூக்கிச் செல்ல முடியுமானால் அதன் ஏரியலையும் அவ்வாறே தூக்கிச் செல்லலாம் என்று மக்கள் நம்புவதில் வியப்பில்லை. அந்த நம்பிக்கை சிறிய அலைகளைப் பொறுத்தவரை சரியானதே. நீண்ட அலைகளின் உலகில் அது செல்லாது. அங்கே கருவி கைக்குள் அடங்கும். கம்பி மலைக்கும் அடங்காது.

காரணம் எளியது. நாகசுரத்தில் திமிரி என்றும் பாரி என்றும் இரு வகை உண்டு. திமிரி குட்டையானது, அதன் சுருதி உயர்ந்தது. பாரி நீண்டது, அதன் சுருதி தாழ்ந்தது. குழல் நீள நீள ஒலி தாழும். வானொலி அலைக்கும் கம்பிக்கும் உள்ள உறவும் இத்தகையதே. அதிர்வெண் குறையக் குறைய அலை நீளும். அலை நீள நீள, அதை இயல்பாக வெளிவிடும் கம்பியும் நீள வேண்டும். அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள செங்குத்துக் கம்பி ஒரு நல்ல ஏரியல் என்பது அடிப்படைக் கணக்கு. அதிர்வெண் 137 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் ஏறக்குறைய 2,190 மீட்டர். அதில் கால் பங்கு 547 மீட்டர். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரமே 452 மீட்டர்தான். இரட்டைக் கோபுரத்தையும் தாண்டி நிற்கும் ஒரு கம்பியைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவர் மலையேற முடியுமா?

முடியாது என்று சொல்லிவிட்டு ஒதுங்காத மனிதர்கள் உலகில் சிலர் இருக்கிறார்கள். ஊதியம் எதிர்பாராமல், அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, தம் கையால் கருவி கட்டி, வானலையில் பேசும் அமெச்சூர் வானொலியாளர்களே அவர்கள். தீபகற்ப மலேசியாவில் அவர்களுடைய அழைப்புக் குறி 9எம்2 என்றும், சிங்கப்பூரில் 9வி1 என்றும் தொடங்கும். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றலையோடு நிறைவடைபவர்கள். நீண்ட அலையைத் தேடிப் போகிறவர்கள் மிகச் சிலர். 2007ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டையை அமெச்சூர்களுக்கு ஒதுக்கியது. 2012ஆம் ஆண்டு மாநாடு 472 முதல் 479 வரை இன்னொரு துண்டைத் தந்தது. பிரிட்டனில் இவ்வாராய்ச்சி இதற்கும் முந்தியது; 73 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையில் 1996 முதல் 2003 வரை அங்குள்ளவர்கள் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் எடுத்துச் செல்லும் நீண்ட அலை ஏரியலின் கதை இந்தப் பொழுதுபோக்கில் தொடங்கவில்லை. அது உயிர் பிழைக்கும் போராட்டத்தில் வளர்ந்த கதை.

இரண்டாம் உலகப் போரின்போது கடலில் விழுந்த விமானங்களின் ஓட்டிகள் இரப்பர்ப் படகில் மிதந்தபடி உதவிக்குக் காத்திருக்க நேர்ந்தது. அக்காலத்தில் கடல் முழுவதும் கேட்ட ஆபத்து அலை 500 கிலோஹெர்ட்ஸ். அதாவது 600 மீட்டர் அலை. கப்பல்களின் வானொலி அறைக் கடிகாரங்களில் ஒவ்வொரு மணியிலும் 15 முதல் 18ஆம் நிமிடம் வரையும், 45 முதல் 48ஆம் நிமிடம் வரையும் சிவப்பு வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். அந்த மும்மூன்று நிமிடங்களில் எல்லாக் கப்பல்களும் தம் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டும் என்பது விதி. உலகமே கேட்கக் காத்திருக்கிறது. ஆனால் இரப்பர்ப் படகில் கிடப்பவன் எதைக் கொண்டு கூப்பிடுவான்? 600 மீட்டர் அலைக்குக் கால் பங்கு 150 மீட்டர். படகின் நீளமோ சில முழம்.

முதலில் இதற்கு விடை கண்டவர்கள் ஜெர்மானியர்கள். கையால் சுற்றி மின்சாரம் உண்டாக்கும் சிறு பெட்டி ஒன்றையும், அதன் கம்பியை மேலே தூக்க ஒரு பட்டத்தையும் அவர்கள் செய்தார்கள். 1941இல் அக்கருவி பிரிட்டிஷார் கையில் சிக்கியது. அதைப் பார்த்து அமெரிக்காவில் உருவானதே எஸ்.சி.ஆர். 578 என்ற மஞ்சள் நிறப் பெட்டி. இரு தொடைகளுக்கும் இடையே இடுக்கிக்கொள்ள வசதியாக அதன் நடுப்பகுதி உள்வளைந்திருக்கும். சார்லஸ் டானா கிப்சன் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்த கொடியிடை மகளிரை நினைவூட்டியதால் போர்வீரர்கள் அதற்குக் 'கிப்சன் பெண்' என்று பெயரிட்டார்கள். சாவின் விளிம்பிலும் மனிதனுக்கு நகைச்சுவை போவதில்லை போலும்.

பெட்டியின் மேலுள்ள கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் பிறக்கும். சுற்றும் வேகத்திலேயே உள்ளிருக்கும் சக்கரம் எஸ்.ஓ.எஸ். குறியைத் தானாக அடிக்கும். மோர்ஸ் குறி கற்றவன் விமானத்தோடு மூழ்கிப்போயிருக்கலாம். எஞ்சியவன் அதில் ஓர் எழுத்தும் அறியாதவனாக இருக்கலாம். அவனும் கூப்பிட முடியும். பெட்டியோடு 300 அடி நீளமான மெல்லிய கம்பிச்சுருளும், மடித்து வைத்த பெட்டிப் பட்டமும் இருந்தன. காற்று வீசினால் பட்டம். காற்று இல்லாவிட்டால் பலூன். வேதிப்பொருள் அடைத்த குப்பியை நீரில் நனைத்தால் எழும் ஹைட்ரஜனை அந்தப் பலூனில் நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்தக் கருவி வெளியிட்ட ஆற்றல் ஐந்து வாட்டுக்கு உட்பட்டது. சிறு இரவு விளக்கு ஒன்றின் அளவு. அந்த ஐந்து வாட் ஏறத்தாழ 200 மைல் தொலைவு வரை கேட்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

எப்படிக் கேட்டது? பட்டம் பறந்ததால் என்பது பாதி விடைதான். படம் வரைபவர்கள் எப்போதும் பட்டத்தையும் கம்பியையும் வரைவார்கள். பெட்டியிலிருந்து கீழ்நோக்கிக் கடலுக்குள் தொங்கும் மற்றொரு குட்டைக் கம்பியை வரைய மறந்துவிடுவார்கள். அந்தக் கம்பியே மறுபாதி. செங்குத்து ஏரியல் ஒற்றைக் கம்பி அன்று. மேலே ஏறும் மின்னோட்டத்திற்கு ஈடாகக் கீழே ஒரு மின்னோட்டம் திரும்பி வர வேண்டும். அது திரும்பும் வழி தரை. தரை நன்றாக மின்சாரத்தைக் கடத்தினால் அனுப்பும் ஆற்றல் வானுக்குப் போகும். கடத்தாவிட்டால் அது மண்ணைச் சூடாக்கிவிட்டு அடங்கும். உப்புக் கடல் சாதாரண நிலத்தைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். உயிரைப் பறிக்க நின்ற கடலே அந்த ஓட்டியின் குரலைத் தாங்கியும் நின்றது.

பள்ளிகளில் ஏரியலைப் பற்றிக் கற்பிக்கும்போது இந்த மறுபாதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கரும்பலகையில் ஒரு செங்குத்துக் கோடு, அதைச் சுற்றி நான்கு வளைகோடுகள், பாடம் முடிந்தது. அடிக்கோட்டின் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டால் அவனே நல்ல மாணவன்.

பட்டத்திற்கு வருவோம். மலேசிய வாசகர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. கிளந்தானின் வாவ் பட்டத்தை அறியாதார் இல்லை. 1989இல் வெளிவந்த 50 காசு நாணயத்தின் பின்புறத்திலும் அது இடம்பெற்றது. இந்த வட்டாரத்துப் பட்டங்களுள் வால் இல்லாமல் பறப்பவை உண்டு என்று கேள்வியுற்ற வில்லியம் எடி என்ற அமெரிக்கர், 1890களில் அதைப் பின்பற்றிப் பல பட்டங்களைச் செய்து பார்த்தார். 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அமைந்திருந்த ஜாவாக் கிராமத்தில் அத்தகைய பட்டம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அவர் திருத்தியமைத்த வாலற்ற பட்டத்திற்கு 'மலாய்ப் பட்டம்' என்றே பெயர் வழங்கியது. 1894 ஆகஸ்டு 4ஆம் நாள் பாஸ்டன் அருகேயுள்ள புளூ ஹில் ஆய்வு நிலையத்தில் வெப்பநிலையைப் பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு மேலே சென்றவை எடியின் பட்டங்களே. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டிப் பட்டத்தை வகுத்தார். சிறுவர் விளையாட்டு என்று கருதப்பட்ட ஒன்று, சுமை தூக்கும் கருவியாக மாறியது இவ்வாறுதான்.

1901 டிசம்பர் 12ஆம் நாள் நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில் குன்றின்மேல் மார்க்கோனி நின்றபோது அவருக்கும் துணை பட்டமே. கடுங்காற்றில் பட்டமும் பலூனும் அறுந்துபோன பிறகு இன்னொரு பட்டத்தை ஏற்றி, 500 அடிக் கம்பியைத் தூக்கி நிறுத்தி, இங்கிலாந்தின் போல்துவிலிருந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாக அவர் அறிவித்தார். அவர் உண்மையில் கேட்டாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அது அலையை வாங்கிய ஏரியல், அனுப்பியது அன்று. எனினும் பட்டத்தை ஏற்றும் முன்பே அவருடைய உதவியாளர்கள் குன்றின் மண்ணைத் தோண்டித் துத்தநாகத் தகடுகளைப் புதைத்து வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வானத்தைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் மண்ணைப் பார்த்தார்கள்.

இன்றைய அமெச்சூர் ஒருவர் 137 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஒரு நாள் வெளியிடத்தில் நின்று அனுப்ப விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீன்பிடி தூண்டிலைப் போல நீளும் கண்ணாடியிழைக் கம்பம் ஒன்று அவரிடம் உண்டு. உயரம் 10 மீட்டர். அதில் கம்பியைக் கட்டி நிறுத்தினால், அலையாக வெளியேறும் ஆற்றலுக்கு ஈடான மின்தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மண்ணிலும் சுருளிலும் வீணாகும் மின்தடை ஏறத்தாழ 50 ஓம் என்று கொண்டால், அவர் 100 வாட் செலுத்தினாலும் வானில் செல்வது ஒரு வாட்டில் அறுபதில் ஒரு பங்கு. எஞ்சியதெல்லாம் வெப்பம். புழுக்களுக்குக் குளிர் காய உதவும் என்று அமெச்சூர்கள் தமக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வது உண்டு.

அவர் கம்பத்தை விட்டுப் பட்டத்தை எடுத்து, அதே கம்பியை 60 மீட்டருக்கு உயர்த்தினால் என்ன ஆகும்? உயரம் ஆறு மடங்கு. பயனோ முப்பத்தாறு மடங்கு. வானில் செல்லும் ஆற்றல் அரை வாட்டைத் தாண்டிவிடும். உயரத்தின் வர்க்கமாகப் பயன் பெருகும் என்ற விதி இங்கே ஏட்டில் மட்டும் நிற்பதில்லை. சட்டம் அனுமதிப்பதே ஒரு வாட்டளவு வீச்சு என்பதால், பட்டம் வைத்திருப்பவர் தம் கருவியின் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளவும் நேரும்! பட்டம் வாங்குவதற்காக இயற்பியல் படிக்கும் பிள்ளைகள், ஒருநாள் பட்டம் விட்டும் அதைப் படிக்கலாம்.

ஆனால் பட்டம் விடுவது இவ்வளவு எளிதன்று. முதலாவது, சட்டம். பிரிட்டனில் 60 மீட்டருக்கு மேல் பட்டம் விட அனுமதி வேண்டும். விமான நிலைய எல்லைக்குள் 30 மீட்டரே வரம்பு. உயரே போகும் கம்பி விமானத்திற்கு எமன் என்பதால் இது நியாயமான விதியே. அடுத்தது காற்று. காற்று தளர்ந்தால் கம்பி சாய்கிறது. சாய்ந்தால் உயரம் குறைகிறது. கம்பிக்கும் தரைக்கும் உள்ள மின்னுறவு மாறி, இசைவு கெடுகிறது. சுருளுக்குள் மற்றொரு சுருளை வைத்துத் திருப்பி இசைவை மீட்கும் அமைப்பு ஒன்று உண்டு. பட்டம் ஆடும் வரையில் கை அந்தத் திருகை விட்டு எடுபடாது. அந்தச் சுருளும் கடையில் வாங்கும் பொருள் அன்று. பிளாஸ்டிக் வாளியின்மேலோ தண்ணீர்க் குழாயின்மேலோ நூற்றுக்கணக்கான சுற்றுகளைப் பொறுமையாகச் சுற்றிச் செய்வது.

மூன்றாவது, உயிருக்கு ஆபத்தானது. குட்டைக் கம்பியில் 100 வாட் செலுத்தும்போது அதன் அடியில் எழும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டக்கூடும். உயர்ந்த கம்பியில் அது சில ஆயிரமாகக் குறையும். அதுவும் தொட்டால் சுட்டுவிடும். கருவியை அணைத்துவிட்டால் மட்டும் போதாது. தெளிந்த வானிலும் தரையருகே மீட்டருக்கு நூறு வோல்ட் அளவில் ஒரு மின்புலம் எப்போதும் இருக்கிறது. உயரே நிற்கும் கம்பி அந்த மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே அதைத் தரைக்கு வடிக்க ஒரு வழி வைக்காமல் அனுபவசாலி எவரும் பட்டம் ஏற்றுவதில்லை. 1753இல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மன் என்ற அறிஞர், நிலத்தோடு இணைக்காத கம்பி வழியே வந்த மின்னலால் உயிரிழந்தார். இடியும் மின்னலும் பிற்பகல்தோறும் குமுறும் மலேசியாவில், கறுத்த மேகம் தென்பட்ட பிறகு கம்பியோடு பட்டம் விடுபவன் துணிச்சல்காரன் அல்லன், அறிவிலி.

இத்தனைக்குப் பிறகும் வானில் சேர்வது அரை வாட். அதைக் கொண்டு பேச இயலாது, தட்டத்தான் இயலும். அதுவும் மிக மெதுவாக. ஒரு புள்ளிக்கு மூன்று வினாடி முதல் ஒரு நிமிடம் வரை நீட்டி அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது. மறுமுனையில் காது அதைக் கேட்பதில்லை. கணினித் திரையில் கோடாகக் கண் பார்க்கிறது. வானியலுக்காக 1993இல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் என்பவரும் ஓர் அமெச்சூர். அழைப்புக் குறி, இருப்பிடம், ஆற்றல் அளவு ஆகிய மூன்றையும் சுமார் இரண்டு நிமிடம் எடுத்து அனுப்பும் முறையை 2008இல் அவர் வெளியிட்டார். இரைச்சலுக்கு அடியில் புதைந்த குறியையும் அது மீட்டெடுக்கும்.

கடலில் ஐந்து வாட் 200 மைல் பேசியதையும், நிலத்தில் நூறு வாட் படும் பாட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மண்ணே பகை என்று தோன்றும். அமெச்சூர்கள் அதனால்தான் கடற்கரையையும் உவர்நிலத்தையும் தேடிப் போகிறார்கள். அது கிடைக்காதவர்கள் கம்பத்தின் அடியிலிருந்து பல திசைகளிலும் கம்பிகளைத் தரையில் விரித்து, கெட்ட மண்ணை மூடப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த மண்ணையே ஏரியலாக்கிய ஓர் ஏற்பாடும் உண்டு. அங்கே பட்டம் விட வானமே இல்லை.

சுண்ணாம்புப் பாறைக் குகைகளுக்குள் இறங்குவோர் விபத்தில் சிக்கினால் மேலே இருப்பவர்களோடு பேசுவது எப்படி? வாக்கி டாக்கியின் சிற்றலை முதல் திருப்பத்திலேயே பாறையில் மோதி மடிந்துவிடும். 87 கிலோஹெர்ட்ஸ் போன்ற நீண்ட அலையோ சில நூறு மீட்டர் பாறையையும் ஊடுருவும். 1996இல் பிரான்சின் கூஃப்ர் பெர்ஜே குகையில் வெள்ளம் பெருகி, நிக்கோலா டோலிமோர் என்ற ஆங்கிலேயக் குகையாய்வாளரும் உடன் சென்ற ஒருவரும் மாண்டார்கள். அதன் பின் உருவான குகை வானொலி ஒன்றுக்கு நிக்கோலாவின் பெயரே சூட்டப்பட்டது. பிரிட்டனில் ஜான் ஹே என்ற அமெச்சூர் அதே 87 கிலோஹெர்ட்ஸில் பேசும் கருவி ஒன்றை வகுத்தார். ஹேபோன் என்று அழைக்கப்படும் அது 2001 அளவில் குகை மீட்புக் குழுக்களின் கைக்கு வந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் கருவி அன்று. ஆனால் ஒருவர் சுமந்து போகலாம்.

அதன் ஏரியல் எது? இரு பக்கமும் சில பத்து மீட்டர் நீளத்திற்குத் தரையோடு தரையாக இழுத்துப் போட்ட கம்பி. இரு நுனியிலும் மண்ணில் அடித்த ஒவ்வோர் இரும்பு முளை. மின்னோட்டம் ஒரு முளையில் இறங்கி, பாறையின் ஆழத்தில் அகன்று பரவி, மறு முளையில் ஏறுகிறது. வானில் ஒரு முழம்கூட உயராமல், நிலமே அங்கே பெரிய வளையமாகி விடுகிறது. பட்டம் விட்டவர் எதை வீண் என்று நொந்தாரோ அதுவே குகையில் குரலாகிறது.

2018 ஜூன் 23ஆம் நாள் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய காற்பந்துப் பயிற்றுநரும் வெள்ளத்தால் அடைபட்டபோது, இங்கிலாந்திலிருந்து மூழ்கு வீரர்களோடு ஹேபோன்களும் அங்குக் கொண்டு செல்லப்பட்டன. ஜூலை 2ஆம் நாள் வீரர்கள் இருவர் சிறுவர்களைக் கண்டுபிடித்தார்கள். ஜூலை 6ஆம் நாள் சமான் குணான் என்ற முன்னாள் கடற்படை வீரர், காற்றுக் குடுவைகளைக் கொண்டு சென்று திரும்பும் வழியில் உயிர் நீத்தார். ஜூலை 10ஆம் நாள் கடைசிச் சிறுவனும் பயிற்றுநரும் வெளியே வந்தார்கள். ஈப்போவின் குன்றுகளும் பத்துமலையும் கூடச் சுண்ணாம்புப் பாறைதான்.

500 கிலோஹெர்ட்ஸில் கப்பல்கள் காது கொடுத்த வழக்கம் 1999 பிப்ரவரி 1ஆம் நாள் உலகக் கடல் பாதுகாப்பு அமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்ததோடு முடிந்தது. கிப்சன் பெண்கள் இப்போது அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர் வீடுகளிலும் இருக்கிறார்கள். குகை மீட்புக் குழுவினருக்கோ இன்னும் வேலை இருக்கிறது. குகைக்குள் முளை அடிக்க மண் கிடைக்காத இடங்கள் பல. அங்கே அவர்கள் பாறைப் பள்ளத்தில் தேங்கிய நீரைத் தேடி, கம்பியின் வெறும் நுனியை அதில் இட்டு, கையால் ஈரச் சேற்றை அள்ளி அதன்மேல் அப்பி, கல் ஒன்றை ஏற்றி வைக்கிறார்கள். பிறகு பெட்டியின் விசையைப் போட்டு, மேலே இருப்பவர் கேட்கிறாரா என்று அழைக்கிறார்கள்.